சாப்பிட்டதும் கண்ணைச் சொருகுகிறதா? சர்க்கரைக்காரர்கள் செய்யும் தவறுகள்

உண்ட மயக்கம் தொண்டனுக்கும் உண்டு என்பது பழமொழி. மதியம் ஒன்றரை, இரண்டு மணிக்குக் கொஞ்சம் அசதி வருவது சர்க்கரை இல்லாதவர்களுக்கும் உள்ளதுதான். அந்த நேரத்தில் உடம்பின் கடிகாரமே சோம்புகிறது, சாப்பிடாமல் இருந்தால்கூட. ஆனால் தினமும் சாப்பாட்டுக்குப் பின் தலையே தூக்க முடியவில்லை, வாய் உலர்கிறது, எதிரில் இருப்பவர் பேசுவது பாதிதான் காதில் விழுகிறது என்றால் அதைத் தொண்டன் கணக்கில் எழுதக்கூடாது.

எனக்குச் சர்க்கரை வந்து பதினோரு வருடம் ஆகிறது. அம்பத்தூர் எஸ்டேட்டில் கணக்கு வேலை. நான் செய்த முதல் தவறையே முதலில் சொல்கிறேன்.

மூன்று மணி வாக்கில் தலை தொங்கும். பக்கத்து சீட்டில் இருப்பவர், "சார், சுகர் லோ ஆயிருக்கும், இந்தாங்க" என்று இரண்டு மிட்டாய் தருவார். வாயில் போட்டுக்கொள்வேன். ஒருநாள் மகள் கட்டாயப்படுத்தியதால் குளுக்கோமீட்டரை ஆபீசுக்கு எடுத்துப்போய் அதே மூன்று மணிக்குக் குத்திப் பார்த்தேன். 243. மாதக்கணக்காக எரிகிற நெருப்பில் எண்ணெய் விட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஏறினாலும் அசதி, இறங்கினாலும் அசதி. இதுதான் சிக்கல். ஏறும்போது சர்க்கரை ரத்தத்தில் கிடக்கிறதே தவிர தசைக்கு வேண்டிய அளவு போய்ச் சேர்வதில்லை. கூடுதலாக இருப்பது சிறுநீரில் வெளியேறும்போது தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகிறது. சென்னை மே மாதத்தில் ஏற்கெனவே வியர்த்துக் கொட்டும் உடம்புக்கு அதுவும் சேர்ந்தால் எப்படி இருக்கும்? இறங்கும்போது, அதாவது 70க்குக் கீழே போகும்போது, பெரும்பாலும் படபடப்பு, குளிர்ந்த வியர்வை, கைநடுக்கம், திடீர்ப் பசி வரும். பல வருடம் சர்க்கரை உள்ள சிலருக்கு அந்த எச்சரிக்கைகள் மழுங்கிவிடும். இன்னொரு கூத்தும் உண்டு: நெடுநாள் 250, 300 என்று இருந்து பழகிய உடம்புக்கு 120 வந்தாலே "லோ" மாதிரி தெரியும். அதனால் உணர்வை வைத்துத் தீர்ப்புச் சொல்லக்கூடாது. அசதி வரும் அந்த நேரத்தில் விரலில் குத்திப் பாருங்கள்.

குத்துவதிலும் இரண்டு பிசகு நடக்கிறது. சாப்பிட்டு இரண்டு மணி நேரம் என்பதைக் கை கழுவியதிலிருந்து எண்ணுகிறோம். முதல் வாய் வைத்த நேரத்திலிருந்து எண்ண வேண்டும். அடுத்தது, வாழைப்பழம் உரித்த கையோடு குத்துவது. விரலில் ஒட்டிய பழச்சாறு போதும், எண் எகிறிவிடும். சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து, பிறகு குத்துங்கள். சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் 180க்குள் இருக்க வேண்டும் என்பது பொதுவான இலக்கு. வயதானவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் டாக்டர் வேறு எண் சொல்வார்.

நம்மில் பலர் வெறும் வயிற்றில் மட்டும் பார்த்துவிட்டு "எனக்குக் கன்ட்ரோல்ல இருக்கு" என்கிறோம். காலையில் 115 காட்டுபவருக்கு மதியம் 260 இருக்கலாம். மதிய அசதிக்குக் காலை ரத்தத்தில் விடை தேடுவது, பல்லாவரத்தில் தொலைத்ததைப் பாரிமுனையில் தேடுவது மாதிரி.

உண்மையிலேயே 70க்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் குளுக்கோஸ் பவுடரைத் தண்ணீரில் கலந்து குடித்து, பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். வோக்லிபோஸ், அகார்போஸ் மாத்திரை எடுப்பவர்களுக்கு வீட்டுச் சர்க்கரையோ மிட்டாயோ சட்டென்று உதவாது. அதை உடைக்கும் நொதியைத்தான் அந்த மாத்திரை தடுத்து வைத்திருக்கிறது. அவர்களுக்குக் குளுக்கோஸேதான் வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108ஐ அழையுங்கள். இன்னொன்று, சர்க்கரைக்கு வெறும் மெட்ஃபார்மின் மாத்திரை மட்டும் எடுப்பவருக்கு இப்படி இறங்குவது அபூர்வம். இன்சுலின், கிளிமெபிரைடு, கிளைகிளசைடு, கிளிபென்கிளமைடு எடுப்பவர்கள்தான் கவனமாக இருக்க வேண்டியவர்கள்.

சோற்றை விட்டுச் சப்பாத்திக்கு ஓடுவது

இது சென்னையின் தேசியத் தவறு. மதியம் சோற்றை நிறுத்திவிட்டு நான்கு சப்பாத்தி, தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்குக் குருமா. ஒரு கப் சோற்றில் சுமார் 45 கிராம் மாவுச்சத்து. நடுத்தரச் சப்பாத்தி ஒன்றில் 15க்குக் குறையாது. நான்கைக் கூட்டிப் பாருங்கள், உருளைக்கிழங்கை விட்டுவிட்டே. கேழ்வரகுக் கூழும் அப்படித்தான். கேழ்வரகு நல்லது, சந்தேகமில்லை. ஆனால் நைசாக அரைத்துக் கொதிக்கவைத்துக் குழைத்துக் குடித்தால் வயிற்றுக்கு வேலை மிச்சம், ரத்தத்தில் ஏறுவது வேகம்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் சென்னையில் உள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் நாடு முழுக்க நடத்திய ஆய்வின் உணவுப் பகுதி 2025இல் வந்தது. நாம் சாப்பிடும் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறதாம். அரிசிக்குப் பதில் கோதுமை மாவோ சிறுதானிய மாவோ மாற்றுவதால் மட்டும் நீரிழிவு ஆபத்து குறையவில்லை என்பதையும் அதில் கண்டார்கள். மொத்த மாவுச்சத்தைக் குறைத்து அந்த இடத்தில் பருப்பு, தயிர், முட்டை, மீன் என்று புரதம் வர வேண்டும்.

நம் சாப்பாட்டின் வரிசையே நமக்கு எதிரி. சாம்பாருக்கு ஒரு சாதம், ரசத்துக்கு ஒரு சாதம், மோருக்கு ஒரு சாதம். ஒவ்வொன்றும் கொஞ்சம்தான் என்று தோன்றும்; சேர்த்தால் மூன்று கப். பொரியல் இலை ஓரத்தில் ஒரு கரண்டி, அலங்காரத்துக்கு. இதைத் தலைகீழாக்கினேன். முதலில் பொரியலும் கூட்டும் சுண்டலும், வேண்டுமானால் ஒரு முட்டை, பாதி வயிற்றுக்கு. பிறகு ஒரே ஒரு கப் சாதம், சாம்பாரோடா ரசத்தோடா என்று அன்றைக்கு ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மோரைத் தம்ளரில் ஊற்றிக் குடித்துவிடலாம். காய்கறியும் புரதமும் முன்னால் போனால் பின்னால் வரும் சோறு மெதுவாகத்தான் ஏறுகிறது. முதல் வாரம் பந்தியிலிருந்து பாதியில் எழுப்பிவிட்டது போல இருந்தது, பொய் சொல்லவில்லை. என் மூன்று மணி எண் 170 பக்கம் வந்தபோது அந்த வருத்தம் போய்விட்டது. அன்லிமிடெட் மீல்ஸ் போடும் மெஸ்ஸிலும் இதைச் செய்யலாம்; இரண்டாவது முறை பொரியல் கேட்டால் யாரும் முறைக்க மாட்டார்கள், சற்று ஆச்சரியப்படுவார்கள், அவ்வளவே.

விரதமும் முகூர்த்தமும்

அமாவாசையன்று காலையில் மாத்திரை மட்டும் போட்டுக்கொண்டு, காக்கைக்கு வைத்த பிறகு ஒரு மணிக்கு வடை பாயசத்தோடு சாப்பிடுவது. கல்யாணத்தில் சாப்பாட்டுக்கு முன் போட வேண்டிய கிளிமெபிரைடை முன்கூட்டியே விழுங்கிவிட்டுப் பந்திக்கு முக்கால் மணி நேரம் நிற்பது. இரண்டிலும் சர்க்கரைக்கு முதலில் பள்ளம், பிறகு மேடு, நமக்குப் படுக்கப் பாய். இலையில் உட்கார்ந்த பிறகு மாத்திரை எடுப்பது பாதுகாப்பு. விரதம் இருப்பதானால் அன்றைய அளவை டாக்டரிடம் முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அசதியாக இருக்கிறதென்று மாத்திரையைத் தானாக நிறுத்துபவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் நிறுத்துவது பெரும்பாலும் அசதியைக் குறைக்கும் மாத்திரையைத்தான்.

சாப்பிட்டவுடன் படுப்பது பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். பத்து நிமிடம் மெதுவாக நடந்தால் தசை, ரத்தத்தில் உள்ள சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். காலையில் மெரினாவில் ஒரு மணி நேரம் நடந்துவிட்டேன் என்பவர்களுக்கும் இது தேவை. வெயில் என்றால் மாடிப்படி ஓரம், கார் நிறுத்துமிடம், ஆபீஸ் வராந்தா, எதுவும் போதும். வயதானவர்கள், முக்கியமாக பி.பி. மாத்திரை எடுப்பவர்கள், எழுந்ததும் தலை சுற்றினால் உடனே உட்கார வேண்டும். சாப்பாட்டுக்குப் பின் ரத்த அழுத்தம் இறங்கும் கோளாறு சிலருக்கு உண்டு. அதுவும் தூக்கம் மாதிரிதான் தெரியும். அந்த நேரத்தில் பி.பி.யைப் பார்த்து எழுதி டாக்டரிடம் காட்டுங்கள். தூக்கக் கலக்கத்தோடு டூ வீலர் ஓட்டிக்கொண்டு பாடி மேம்பாலம் ஏறாதீர்கள். நான்கு மணிக் காபி, மேரி பிஸ்கெட் கூட்டணியும் வேண்டாம்: காபியில் சர்க்கரை, பிஸ்கெட்டில் மைதா, ராத்திரி தூக்கம் கெட்டு மறுநாள் மதியம் மறுபடி அசதி.

எல்லாவற்றுக்கும் சர்க்கரை மேல் பழி

சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் அசதி என்றால் வேறு காரணம் தேட வேண்டும். ரத்தசோகை, தைராய்டு, குறட்டையோடு மூச்சு நின்று நின்று வரும் தூக்கம். திடீர் அசதியோடு மூச்சுத்திணறலோ வியர்வையோ நெஞ்சுப் பாரமோ இருந்தால் அது மாரடைப்பாக இருக்கலாம்; சர்க்கரை உள்ளவர்களுக்கு வலியே இல்லாமலும் வரும். நாளைக்குப் பார்க்கலாம் என்று படுக்க வேண்டாம், 108தான்.

என் பெரியம்மா சைதாப்பேட்டையில் இருக்கிறார். சைவம். மெட்ஃபார்மின் போட ஆரம்பித்துப் பதினைந்து வருடம். அசதி அசதி என்று சொல்லும்போதெல்லாம் "சோத்தைக் குறைங்க பெரியம்மா" என்று ஆளுக்கு ஆள், என்னையும் சேர்த்து, உபதேசம் செய்து இரண்டு கரண்டிக்குக் கொண்டுவந்துவிட்டோம். கடைசியில் டாக்டர் வைட்டமின் பி12 அளவைப் பார்க்கச் சொன்னார், தரைமட்டத்தில் இருந்தது. மெட்ஃபார்மினை வருடக்கணக்கில் எடுத்தால் பி12 உடம்பில் சேர்வது குறையும். அசைவம் தொடாதவர்களுக்கு ஏற்கெனவே அது குறைச்சல். பாத எரிச்சலையும் மறதியையும்கூட நாங்கள் சர்க்கரை கணக்கில்தான் எழுதியிருந்தோம். ஊசி போட்டு இரண்டு மாதத்தில் எழுந்து நடமாட ஆரம்பித்துவிட்டார். போன வாரம் போனபோது கேட்டார்: "அசதி போயிடுச்சு சரி, நீங்கள்லாம் சேர்ந்து நிறுத்தின வத்தக்குழம்பு சாதத்தை யாருடா திருப்பித் தருவா?"