வெளிநாட்டில் இறங்கியதும்: சுங்கமும் உயிரிப் பாதுகாப்பும்

கடவுச்சீட்டைப் பார்த்து உள்ளே அனுப்பிவிட்டால் சோதனை முடிந்தது என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். ஆனால் பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியேறும் வழியில் இன்னும் இரண்டு கேள்விகள் காத்திருக்கும். பொருளின் மதிப்பு என்ன, அதற்கு வரி உண்டா என்று பார்ப்பது சுங்கம். அந்தப் பொருளோடு பூச்சியோ விதையோ நோய்க்கிருமியோ சேர்ந்து வருகிறதா என்று பார்ப்பது உயிரிப் பாதுகாப்பு. சில நாடுகளில் ஒரே அதிகாரி இரண்டையும் கேட்பதால் இவை ஒன்றுபோலத் தோன்றும். சுங்கத்தில் இவ்வளவு வரை வரியில்லை என்ற வரம்பு உண்டு. தடை செய்யப்பட்ட பழம் ஒன்றே ஒன்று என்றாலும், அதை அதிகாரியிடம் அறிவிக்காமல் கொண்டுவருவது உயிரிப் பாதுகாப்பில் குற்றம்தான்.

ஒரு பழத்துக்கா இவ்வளவு கெடுபிடி என்று கேட்பவர்கள் பழ ஈயைப் பற்றி அறிந்துகொள்வது நல்லது. அது தோலுக்கு அடியில் முட்டையிடுவதால், வெளியே ஊசி குத்தியது போன்ற சிறு புள்ளி தெரிந்தாலே அதிகம். உள்ளே புழுக்கள் வளர்ந்துகொண்டிருக்கும். விமானத்தில் கொடுத்த பழத்தை அப்புறம் சாப்பிடலாம் என்று கைப்பையில் போட்டு மறந்துவிடுவதுதான் மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு. நியூசிலாந்தில் அப்படி அறிவிக்காத பழத்தோடு பிடிபட்டால் அங்கேயே 400 நியூசிலாந்து டாலர் அபராதம் விதிக்கப்படலாம். இறங்குவதற்கு முன் சாப்பிட்டுவிடுங்கள், இல்லையேல் விமானத்திலேயே விட்டுவிடுங்கள்.

இறைச்சியும் பாலும் இன்னும் கடுமையாகப் பார்க்கப்படுகின்றன. 2001இல் பிரிட்டனில் பரவிய கோமாரி நோயைக் கட்டுப்படுத்த 60 லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகள் கொல்லப்பட்டன; சட்டவிரோதமாக வந்த இறைச்சி பன்றித் தீவனத்தில் கலந்ததே அதன் தொடக்கமாக இருக்கலாம் என்று கருதப்படுகிறது. ஐரோப்பிய ஒன்றியம், ஒருசில நாடுகள் நீங்கலாக, வெளியிலிருந்து வரும் பயணிகள் இறைச்சியும் பால் பொருள்களும் கொண்டுவருவதைத் தடை செய்திருக்கிறது. தானியங்களைத் தாக்கும் காப்ரா வண்டின் புழுக்கள் உணவே இல்லாமல் ஆண்டுக்கணக்கில் உயிரோடு இருக்கக்கூடியவை என்பதால், அரிசி, பருப்பு, விதை ஆகியவையும் பல நாடுகளில் சந்தேகத்துக்குரியவையே. காலணியின் அடியில் ஒட்டிய மண்ணைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பயணத்துக்கு முந்தைய நாள் பழைய பல்துலக்கி ஒன்றை எடுத்து, அடிப்பாகத்தின் பள்ளங்களைத் தேய்த்துக் கழுவிக் காயவைத்துவிட்டால் அந்தத் தொல்லை இல்லை.

அறிவிப்புப் படிவம் தாளில் இருந்தாலும் கைப்பேசியில் இருந்தாலும் அதை நிரப்பும் முறை ஒன்றே: சந்தேகம் இருந்தால் 'ஆம்' என்று குறியுங்கள். ஆஸ்திரேலியாவில் தடை செய்யப்பட்ட உணவாகவே இருந்தாலும், அதை முறையாக அறிவித்தவருக்கு அதற்காக அபராதம் இல்லை. மறைத்தவருக்கு அபராதம் உண்டு, சிலருக்கு விசாவே ரத்தாகலாம். பெட்டியை வேறொருவர் அடுக்கித் தந்தார் என்ற விளக்கம் எடுபடாது. கையெழுத்துப் போட்டவரே பொறுப்பு. ஆகவே அடுக்கும்போதே உணவு, மரப்பொருள், மருந்து ஆகியவற்றை ஒரே பையில் மேலாக வைத்துக்கொண்டால் அதிகாரி கேட்டதும் எடுத்துக்காட்டலாம்.

பணத்தைப் பற்றியும் ஒரு தவறான எண்ணம் உலவுகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 10,000 யூரோ, ஆஸ்திரேலியாவில் 10,000 ஆஸ்திரேலிய டாலர் என்பவை எடுத்துச்செல்வதற்கான உச்சவரம்பு அல்ல; அந்த அளவிலிருந்து அறிவிக்க வேண்டும் என்பதே விதி. அமெரிக்காவில் 10,000 டாலரைத் தாண்டினால் அறிவிக்க வேண்டும். அங்கே ஒரே குடும்பமாகச் சேர்ந்து அறிவிப்போர் கையிலிருப்பதைச் சேர்த்தே கணக்கிட வேண்டும். மருந்துகளை அவற்றின் மூல அட்டையோடும் மருத்துவர் சீட்டோடும் எடுத்துச்செல்லுங்கள். ஒரு நாட்டில் சளிக்குச் சாதாரணமாகக் கிடைக்கும் மாத்திரை இன்னொரு நாட்டில் கட்டுப்படுத்தப்பட்டதாக இருக்கலாம். தந்தம், ஆமை ஓடு, சிலவகைப் பவளம் ஆகியவற்றை நினைவுப் பொருளாக வாங்காமலிருப்பதே மேல். அவற்றுக்குத் தனிப் பன்னாட்டு ஒப்பந்தமே இருக்கிறது.

அறிவித்த பொருளை அதிகாரி பார்த்துவிட்டுத் திருப்பித் தருவதும் உண்டு. தர முடியாததென்றால், பொருளையும் நாட்டையும் பொறுத்து, அங்கேயே விட்டுவிடவோ, உங்கள் செலவில் பூச்சிநீக்கம் செய்து பெறவோ, திருப்பி அனுப்பவோ வாய்ப்பு தரப்படலாம். எதைத் தேர்ந்தெடுத்தாலும் அதற்கான ரசீதைக் கேட்டு வாங்கிக்கொண்டு வெளியே வாருங்கள்.