கல்லூரியில் பசுமை வாரமா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் என்.எஸ்.எஸ். (நாட்டு நலப்பணித் திட்டம்) பொறுப்பில் இருந்த வருஷங்களில், கீழே சொல்லப்போகும் தவறுகளில் பாதிக்கு மேல் நானே செய்தவை. ஒரு ஜூன் 5, உலகச் சுற்றுச்சூழல் தினத்தன்று நூற்றுச் சொச்சம் கன்றுகள் நட்டோம், படம் எடுத்தோம், மறுநாள் பேப்பரிலும் வந்தது. அடுத்த ஜூனில் போய்ப் பார்த்தால் வரிசையாகக் காய்ந்த குச்சிகள். "குழி ரெடியா இருக்கு சார், வெட்டுற வேலை மிச்சம்" என்றான் ஒரு பையன். அவன் கிண்டலாகத்தான் சொன்னான், ஆனால் நாங்கள் உண்மையிலேயே அதே குழிகளில்தான் அந்த வருஷக் கன்றுகளையும் நட்டோம்.

ஆகவே முதல் தவறு, தேதி. ஜூன் 5 என்பது 1972-ல் ஸ்டாக்ஹோமில் ஐ.நா. சுற்றுச்சூழல் மாநாடு தொடங்கிய நாள், நம் ஊர் மழையைப் பார்த்துக் குறித்த நாள் இல்லை. தமிழ்நாட்டுக்கு வருஷ மழையில் ஏறக்குறையப் பாதி அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள்தான் வருகிறது. சென்னை, திருச்சி, மதுரைப் பக்கம் ஜூன் தொடக்கத்தில் கத்திரி முடிந்திருக்கும், வெயில் முடிந்திருக்காது. தென்மேற்குப் பருவமழை எட்டிப் பார்க்கும் தென்காசி, கன்னியாகுமரி மாதிரி இடங்களில் பரவாயில்லை. மற்றவர்கள் செப்டம்பர் கடைசியிலோ அக்டோபரிலோ நடுங்கள். ஜூன் 5-ஐ விட மனசில்லையா, அன்றைக்கு வேறு ஏதாவது செய்யுங்கள், போன வருஷம் நட்டதில் எத்தனை உயிரோடு இருக்கிறது என்று எண்ணுவது உட்பட.

எத்தனை கன்று என்று முடிவு செய்வதற்கு முன்னால் இன்னொரு கேள்வி இருக்கிறது: மே மாதம் யார் தண்ணீர் ஊற்றுவார்கள்? விடுதி காலி, மாணவர்கள் ஊரில், மோட்டார் போடுவதே காலையில் ஒரு தடவைதான். அந்த ஒரு மாதத்தில்தான் கன்றுகள் சாகின்றன. அப்போது வளாகத்தில் இருப்பவர்கள் வாட்ச்மேனும் தோட்டக்காரரும் துப்புரவுப் பணியாளர்களும். அவர்களை ஒரு கூட்டத்துக்குக்கூட நாம் கூப்பிடுவதில்லை, குழி வெட்ட மட்டும் கூப்பிடுகிறோம். நூறு வேண்டாம், இருபது போதும். ஒரு கன்றுக்கு முதலாண்டு மாணவர்கள் மூன்று பேர் (இறுதியாண்டு ஆட்கள் ஏப்ரலில் கிளம்பிவிடுவார்கள்), விடுமுறைக்குப் பொறுப்பாக வளாகத்தில் இருக்கும் ஒருவர், அவருக்கு அதற்கென்று ஒரு சிறு தொகை. என்.எஸ்.எஸ். மாணவருக்கு வருஷம் 120 மணி நேரச் சேவை இருக்கிறது. அதைப் பேரணியில் கரைக்காமல் வாரம் இரண்டு முறை குடம் தூக்குவதில் கணக்கு வைக்கலாம்.

எந்தக் கன்று என்பதிலும் ஏமாறுகிறோம். நர்சரியில் மலிவாகவும் பச்சையாகவும் கிடைக்கிறது, வேகமாக வளர்கிறது என்று கோனோகார்பஸ் என்ற வெளிநாட்டு மரத்தை வரிசையாக நட்ட வளாகங்கள் ஏராளம். 2025-ல் தமிழ்நாடு அரசே அதை நடக்கூடாது என்று தடை போட்டது. புங்கன், வேம்பு, நாவல், பூவரசு, இலுப்பை, மகிழம் என்று நம் மண்ணுக்குப் பழகிய மரங்கள் இருக்க இது எதற்கு? மின்கம்பிக்குக் கீழேயும், அடுத்த வருஷம் புது பிளாக் வரப்போகும் இடத்திலும் நட்டுவிடாதீர்கள், பொறியாளர் அறையில் போய் வரைபடத்தைப் பாருங்கள். கன்று இருந்த கறுப்புப் பையைக் கிழித்து அங்கேயே போட்டுவிட்டு வருவதும் நடக்கிறது. நாற்பது பை, நாற்பது கன்றுக்குப் பக்கத்தில். படத்தில் அதுவும் விழுந்திருந்தது.

படம் என்றதும் கல்லூரிகளை மதிப்பிட்டுத் தரச்சான்று தரும் நாக் (NAAC) ஞாபகம் வருகிறது. நாக் குழுவுக்கு ஆதாரம் வேண்டும், எடுத்த இடம் பதிவாகிற ஜியோடேக் போட்ட படம் வேண்டும், எல்லாம் சரி. ஆனால் படம் கிடைத்ததும் வேலை முடிந்தது என்று எல்லாரும் கலைந்துவிடுகிறார்கள். அதே கேமராவை ஆறு மாதம் கழித்து அதே இடத்துக்குக் கொண்டுபோய் இன்னொரு படம் எடுக்கவும் ஆள் போடுங்கள், எவ்வளவு சங்கடமாக இருந்தாலும்.

அடுத்து, பிளாஸ்டிக்கை வைத்தே பிளாஸ்டிக் ஒழிப்பு. "பூமியைக் காப்போம்" என்று தெர்மகோலில் வெட்டி மேடையில் ஒட்டுவதை இன்னும் பார்க்கிறேன். பின்னால் இருபது அடி ஃபிளெக்ஸ், அதுவும் பிவிசிதான். விருந்தினருக்குக் கொடுக்கும் 'துணிப்பை' பல சமயம் துணியே இல்லை, பாலிப்ரொப்பிலீனில் செய்த நெய்யாத பை, கிழித்துப் பார்த்தால் நூல் வராது. டீ வரும் பேப்பர் கப்புக்கு உள்ளே மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு இருக்கிறது. தமிழ்நாடு 2019 ஜனவரி 1 முதல் தடை செய்த 14 பொருட்களின் பட்டியலை ஒரு தடவை படித்துப் பாருங்கள்: பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப், தட்டு, நெய்யாத பை, தெர்மகோல் கப், தண்ணீர் பாக்கெட், பிளாஸ்டிக் கொடி எல்லாமே அதில் இருந்தன. பேரணியில் பிள்ளைகள் கையில் ஆட்டும் கொடி எதில் செய்தது என்று யாராவது பார்த்தோமா?

செலவாகுமே என்பார்கள். வாடகைப் பாத்திரக் கடையில் எவர்சில்வர் டம்ளர் கிடைக்கிறது, கழுவ ஒரு ஆளும் இரண்டு பெரிய அண்டாவும் போதும். பேனரைத் துணியில் பெயின்டரிடம் எழுத வாங்குங்கள், முக்கியமாகத் தேதியும் வருஷமும் விருந்தினர் பெயரும் போடாமல். அதைச் சுருட்டி வைத்தால் அடுத்த வருஷமும் அதுதான். பெயரைக் கரும்பலகையில் சாக்பீஸால் எழுதினால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. நான் பயந்தேன், விருந்தினர் கவனிக்கவே இல்லை.

விழா நாள் காலையில் நடக்கும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். விருந்தினர் பத்து மணிக்கு வருகிறார் என்று ஆறு மணிக்கே வளாகம் முழுக்கப் பெருக்குவார்கள், கூட்டிய சருகை என்ன செய்வது என்று யாரும் சொல்லாததால் மைதானத்துக்குப் பின்னால் கொளுத்துவார்கள். உள்ளே காற்று மாசு பற்றிய உரை, வெளியே புகை. திறந்தவெளியில் குப்பை எரித்தால் 5,000 ரூபாய், பெருமளவில் எரித்தால் 25,000 ரூபாய் அபராதம் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016-லேயே சொல்லிவிட்டது. கொளுத்தியவரைத் திட்டாதீர்கள், அவருக்கு ஒரு குழி காட்டுங்கள். சருகைப் போட்டுச் சாணிக்கரைசல் தெளித்து அவ்வப்போது கிளறிவிட்டால் சில மாதத்தில் எருவாகிவிடும், நட்ட கன்றுக்கே போடலாம்.

ஆனால் என்னைக் கேட்டால் எல்லாவற்றிலும் பெரிய தவறு, வாரம் முழுக்க ஆடிட்டோரியத்திலேயே உட்கார்ந்திருப்பது. உண்மையான விஷயம் மெஸ்ஸில் இருக்கிறது. 600 பேர் சாப்பிடும் விடுதியில் ஆளுக்கு 50 கிராம் தட்டில் மிஞ்சினால் ஒரு வேளைக்கு 30 கிலோ. "உணவை வீணாக்காதீர்" என்று போஸ்டர் ஒட்டினால் அது குறையாது. யாரிடமும் சொல்லாமல் ஏழு நாள் எச்சில் வாளியை எடை போட்டு, எந்த வேளைக்கு எவ்வளவு என்று கை கழுவும் இடத்தில் எழுதி வையுங்கள். உப்புமா நாளில் வாளி வழியும், பூரி நாளில் காலியாக நிற்கும். குற்றவாளி மாணவர்களா, உப்புமாவா, வரிசை நகரவேண்டும் என்று பெரிய கரண்டியில் அள்ளிப் போடுவதா என்று அப்போதுதான் தெரியும். எங்கள் விடுதியில் வார்டன் கரண்டியை மாற்றினார், சோறு மட்டும் இரண்டாவது முறை கேட்டு வாங்கலாம் என்றார். இதற்குப் படம் எதுவும் வரவில்லை, வாளி பாதியானது.

பச்சை, நீலக் குப்பைத்தொட்டி வாங்குவதற்கு முன்னால், குப்பை வண்டிக்குப் பின்னால் ஒரு நாள் நடந்து போங்கள். பிள்ளைகள் பிரித்துப் போட்டதை வண்டியில் ஒன்றாகக் கொட்டுவதை அவர்கள் ஒரே ஒரு முறை பார்த்தால் போதும், அப்புறம் ஜென்மத்துக்கும் பிரிக்கமாட்டார்கள். மின்கழிவு சேகரிப்பும் அப்படித்தான், பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் எந்தத் தேதியில் ஒப்படைக்கிறோம் என்று பேசிவிட்டுப் பெட்டி வையுங்கள், இல்லையென்றால் துறையின் ஸ்டோர் ரூமில் பழைய கீபோர்டுகள் குடியேறிவிடும்.

மழைநீர் சேகரிப்பை இங்கே 2003-லேயே கட்டாயமாக்கினார்கள். அதனால் குழாயும் தொட்டியும் எல்லா பிளாக்கிலும் இருக்கும், பெரும்பாலும் மண்ணும் இலையும் அடைத்துக்கொண்டு. செப்டம்பரில் பசுமை வாரத்தை வைத்தால் ஒரு நாளை மொட்டைமாடியைப் பெருக்கவும் தொட்டி தூர்வாரவும் ஒதுக்கலாம். அழுக்கு வேலை, பசங்களுக்கு ரொம்பப் பிடித்தது.

கடைசியாக நான் நடத்திய வருஷம் அக்டோபரில் பதினெட்டுக் கன்றுகள்தான் நட்டோம். எங்கே நடலாம் என்று முதன்முறையாக வாட்ச்மேன் அண்ணனிடம் கேட்டோம். கேட்டுக்குப் பக்கத்தில், தன் சைக்கிள் நிற்கும் இடத்தில் ஒரு புங்கன் வேண்டும் என்றார். மே மாதத்தில் அதற்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லி யாரும் அவருக்கு ஞாபகப்படுத்தவில்லை.