வெங்காயத் தோல் சாயம் கழுவலில் போகாமல் நின்றது

கொழும்பு வெள்ளவத்தைச் சந்தையில் பம்பாய் வெங்காயத் (பெரிய வெங்காயம்) தோலைச் சும்மாவே அள்ளித் தருவார்கள். அதை அவித்து ஒரு வெள்ளைப் பருத்திச் சால்வையை ஊறவைத்தேன். நல்ல பொன்னிறம். இரண்டே கழுவலில் தேநீர்க் கறை மாதிரி ஆகிவிட்டது. நிறம் நிற்க உப்பும் வினாகிரியும் போடச் சொன்னார்கள். பருத்திக்கு அது வீண் வேலை.

பிழை சாயத்தில் இல்லை, துணியில். புதுத் துணியில் கஞ்சியும் எண்ணெய்ப் பசையும் இருக்கும். அடுத்த முறை சலவைச் சோடா போட்டு ஒரு மணிநேரம் அவித்தேன். தண்ணீர் மஞ்சளாக இறங்கியது, எனக்கே அருவருப்பு. அப்புறம் கடுக்காய். சாயத்தைத் துணியில் ஒட்டவைப்பது படிகாரம் (வீட்டில் சீனாக்காரம் என்போம்). பட்டும் கம்பளியும் பிடிப்பதுபோலப் பருத்தி அதை லேசில் பிடிக்காது. கடுக்காயின் துவர்ப்புத்தான் பிடித்துக் கொடுக்கும். 100 கிராம் துணிக்கு 20 கிராம் கடுக்காய்த் தூள், ஓர் இரவு. மறுநாள் 15 கிராம் படிகாரம் கரைத்த சுடுநீரில் இன்னோர் இரவு. பிறகுதான் சாயம்.

இப்போது பல கழுவல் கண்டும் நிறம் நிற்கிறது. நிழலில்தான் காயவைக்கிறேன். ஒன்று, இரும்புச் சட்டி வேண்டாம்: கடுக்காயோடு சேர்ந்தால் துணி கறுத்துவிடும். என் இரண்டாவது சால்வை அப்படித்தான் போனது.