பெட்டாடகின் பாறைக் குடியிருப்பைப் பார்க்க: சாண்டல் டிரெயிலில் முதல் நடை

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் மான்யுமென்ட் வேலி பார்க்கப் போகிறவர்களில் பலர், நவாஹோ நேஷனல் மான்யுமென்ட் என்ற தேசிய நினைவிடத்துக்குத் திரும்பும் சாலையைக் கவனிக்காமலே கடந்துவிடுகிறார்கள். 1909-இல் இருந்து பாதுகாக்கப்பட்டு வரும் இந்த இடத்துக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. போக வர இரண்டு கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாக நடந்தால் போதும், செங்குத்துப் பாறையின் குடைவுக்குள் 13-ஆம் நூற்றாண்டில் கட்டிய பெட்டாடகின் என்ற ஓர் ஊரையே எதிர் விளிம்பிலிருந்து பார்த்துவிடலாம். மலைப்பாதையில் நடந்து பழக்கமில்லாதவர்களுக்கு நான் முதலில் சொல்வது சாண்டல் டிரெயில் என்ற இந்தப் பாதையைத்தான்.

1. கிளம்பும் முன் நேரத்தைச் சரிபாருங்கள்

அரிசோனா மாநிலம் கோடையில் கடிகாரத்தை மாற்றுவதில்லை. ஆனால் இந்த இடம் இருக்கும் நவாஹோ பழங்குடியினரின் நிலத்தில் மாற்றுவார்கள். அதனால் மார்ச் முதல் நவம்பர் வரை இங்கே மணி மாநிலத் தலைநகர் ஃபீனிக்ஸைவிட ஒரு மணி நேரம் முன்னால் ஓடும். இது தெரியாமல் வந்தால் பார்வையாளர் மையம் மூடியிருக்கலாம். கயென்ட்டா ஊரிலிருந்து 160-ஆம் நெடுஞ்சாலையில் தென்மேற்கே 20 மைல் வந்து, 564-ஆம் சாலையில் வலப்பக்கம் திரும்பி 9 மைல் போக வேண்டும். பெட்ரோலைக் கயென்ட்டாவிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள்.

2. பைனாகுலர் எடுத்துக்கொள்ளுங்கள்

தண்ணீர், தொப்பி, பிடிப்புள்ள ஷூ இவை எந்த நடைக்கும் வேண்டியவை. இங்கே அதோடு ஒரு பைனாகுலரும் கட்டாயம் வேண்டும். குடியிருப்பு பள்ளத்தாக்கின் எதிர்ப்பக்கம் இருப்பதால், வெறும் கண்ணுக்குச் சுவர்கள் பாறையின் நிறத்தோடு கலந்துவிடும்.

3. சரியான பாதையைப் பிடியுங்கள்

பார்வையாளர் மையத்தின் பின்புறத்தை ஒட்டிக் குறும்பாதைகள் பல பிரிகின்றன. ஆஸ்பென் மரங்களைப் பார்க்க இறங்கும் பாதையிலிருந்து குடியிருப்பு தெரியாது. 'சாண்டல்' என்று எழுதிய பலகையைப் பார்த்தே நடங்கள். தளமிட்ட பாதை, வழிதவற வாய்ப்பில்லை. இருபுறமும் பின்யோன் பைனும் ஜூனிப்பரும் யுக்காவும்தான்.

4. போகும்போதே திரும்பி வருவதை நினையுங்கள்

போகும்போது இறக்கம், வரும்போது ஏற்றம். இடமோ கடல் மட்டத்திலிருந்து 7,300 அடி உயரம். சமவெளியிலிருந்து வருகிறவர்களுக்குச் சீக்கிரம் மூச்சு வாங்கும். பாதித் தண்ணீரையாவது திரும்பும் வழிக்கு வைத்துக்கொள்ளுங்கள். பெரியவர்களோடு போனால் அவர்கள் வேகத்துக்கே நடங்கள்.

5. பார்வை முனையில் அவசரப்படாதீர்கள்

பலர் இங்கே ஒரு செல்ஃபி எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள், எனக்கு அது பெரிய வருத்தம். நீங்கள் உட்காருங்கள். முதலில் கண்ணில் படுவது அந்தப் பிரம்மாண்டமான குடைவுதான்: 452 அடி உயரம், 370 அடி அகலம். மணற்பாறைக்குள் இறங்கும் மழைநீர் கீழே நீர் புகாத அடுக்கில் தடுக்கப்பட்டு, பக்கவாட்டில் கசிந்து பாறையை அரித்து உண்டாக்கியது இது. தெற்கு பார்த்த குடைவு என்பதால் குளிர்காலத்தில் தாழ்ந்து வரும் வெயில் உள்ளே நுழையும். கோடையில் மேற்கூரைப் பாறை நிழல் தரும். இடத்தை எவ்வளவு யோசித்துத் தேர்ந்திருக்கிறார்கள் பாருங்கள்.

அடுத்து பைனாகுலரை எடுத்து, குடைவின் தரையை ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை மெதுவாகத் துழாவுங்கள். சுவர்கள், சிறிய வாசல்கள், துருத்திக்கொண்டிருக்கும் மர உத்திரங்கள் ஒவ்வொன்றாகத் தெளியும். அந்த உத்திரங்களின் வளர்ச்சி வளையங்களை ஒப்பிட்டுத்தான் கட்டிய ஆண்டுகளைக் கணித்தார்கள். 1267-இல் சில குடும்பங்கள் வீடு கட்டித் தொடங்கின. 1269-இலும் 1272-இலும் மரங்களை வெட்டி, உடனே பயன்படுத்தாமல் அடுக்கி வைத்திருக்கிறார்கள். 1275 வாக்கில்தான் பெருங்கூட்டம் வந்து குடியேறியது. பின்னால் வரப்போகிறவர்களுக்காக முன்கூட்டியே மரம் வெட்டி வைத்தார்கள் என்பதே ஆய்வாளர்கள் கருத்து. இந்தத் தகவலோடு அந்த உத்திரங்களைப் பார்க்கும்போது எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும்.

நூற்றுக்கும் மேற்பட்ட அறைகளோடு வளர்ந்த ஊர், 1300 வாக்கில் காலியானது. அந்தக் காலத்தின் நீண்ட வறட்சியும் மண் அரிப்பும் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. ஆனால் 'மறைந்துபோன மக்கள்' என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவிடாதீர்கள். அவர்களின் வழிவந்த ஹோப்பி பழங்குடி மக்கள் இன்றும் இதே மாநிலத்தில் வாழ்கிறார்கள். இந்த ஊரைத் தலாஸ்திமா என்று அழைக்கிறார்கள். அவர்களுக்கு இது முன்னோரின் வீடு.

6. விட்டுவிட வேண்டியவை

பாதையை விட்டு இறங்க வேண்டாம். பானை ஓடு கண்ணில் பட்டாலும் எடுக்கக் கூடாது, சட்டப்படி குற்றம். ட்ரோனுக்கும் அனுமதி இல்லை.

7. இன்னும் நெருங்கிப் பார்க்க ஆசை வந்தால்

பள்ளத்தாக்குக்குள் வனக்காவலர் அழைத்துப்போகும் நடையில் மட்டுமே இறங்க முடியும். கிட்டத்தட்ட 700 அடி இறங்கி ஏற வேண்டியிருக்கும், அது வேறு ரகம். எந்த நாட்களில் உண்டு என்பதைப் பார்வையாளர் மையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.