மங்கிய பேரடைகளைத் தேடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடந்த சித்திரையில், காரைநகர்க் கடற்கரைக்கு எட்டு அங்குலத் தொலைநோக்கியுடன் வந்திருந்த இளைஞர் ஒருவர், கன்னி உடுத்தொகுதியில் பேரடைகளை, அதாவது தொலைதூர விண்மீன் திரள்களை, ஒரு மணி நேரம் தேடிக் களைத்து, "அண்ணை, ஒண்டுமே தெரியேல்லை" என்று என்னை அழைத்தார். கண்ணை வைத்துப் பார்க்கும் வில்லையான பார்வைத்துண்டைக் கழற்றினேன். அதன் அடியில், நகர வெளிச்சத்தைக் குறைக்கவென விற்கப்படும் ஒளிமாசு வடிகட்டி ஒன்று திருகப்பட்டிருந்தது. பல ஆண்டுகளுக்கு முன் நானும் அதே பொருளை வாங்கி அதே ஏமாற்றத்தை அடைந்தவன். கைத்தொலைபேசி வெளிச்சம் கண்ணின் இருட்டுப் பழக்கத்தைக் கெடுக்கும் என்பது போன்றவற்றை எல்லோரும் சொல்லிவிட்டார்கள். அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

வடிகட்டியை நம்புதல்

என் வடிகட்டியைக் கனடாவிலிருந்து ஊருக்கு வந்த மச்சான் கொண்டுவந்தார். அதன் விலைக்கு நல்ல பார்வைத்துண்டு ஒன்றை வாங்கியிருக்கலாம். நகரத்து வானிலும் ஆழ்வான் பொருள்களை (பேரடை, வாயுமுகில் போன்றவற்றை) காட்டும் என்று விற்றவர்கள் எழுதியிருந்தார்கள். எந்த வகைப் பொருள்களை என்று எழுதவில்லை. அந்த ஒரு விவரத்தைச் சொல்லாமல் விட்டதை இன்றும் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

கொக்குவிலில் என் வீட்டு முற்றத்திலிருந்து, மெசியர் பட்டியலின் 104 ஆம் பொருளான எம்104 பேரடை மெல்லிய சாம்பல் கீற்றாகத் தெரிந்துகொண்டிருந்தது. வடிகட்டியைப் பொருத்தியதும் அது மறைந்துவிட்டது. தொலைநோக்கிக் கண்ணாடிகளின் அச்சு விலகிவிட்டதென எண்ணி, நிலவில்லாத இரண்டு நல்ல இரவுகளை அவற்றைத் திருத்துவதிலேயே கழித்தேன்.

காரணம் எளியது. ஓரியன் நெபுலா போன்ற வாயுமுகில்கள் குறிப்பிட்ட சில அலைநீளங்களில் மட்டுமே பெருமளவு ஒளிர்கின்றன. அயனாக்கப்பட்ட ஒட்சிசனின் 496, 501 நனோமீற்றர்க் கோடுகள் அவற்றுள் முக்கியமானவை. வடிகட்டி அந்தக் குறுகிய பட்டையைக் கடக்கவிட்டு மற்றவற்றைத் தடுப்பதால், வானம் கறுக்க, நெபுலா எஞ்சி நிற்கிறது. பேரடையின் ஒளியோ கோடிக்கணக்கான விண்மீன்களின் ஒளி. ஊதாவிலிருந்து சிவப்பு வரை எல்லா நிறங்களிலும் பரந்து கிடப்பது. வானத்தின் ஒளியை வெட்டும் அதே கத்தி பேரடையையும் வெட்டிவிடுகிறது. முன்பு வீதிகளில் எரிந்த சோடியம் விளக்குகளின் ஒளி மஞ்சளில், 589 நனோமீற்றரை அண்டிக் குவிந்திருந்ததால், அகலமான பட்டையுள்ள வடிகட்டிகளால் சிறிது பயன் இருந்தது. வெள்ளை எல்.ஈ.டி. விளக்குகள் வந்தபின் அதுவும் போயிற்று. அவற்றின் ஒளியும் பேரடையின் ஒளியைப் போலவே பரந்திருப்பதால், இரண்டையும் பிரிக்க எந்தக் கண்ணாடியாலும் இயலாது.

விதிவிலக்கு ஒன்று உண்டு. எம்33 பேரடைக்குள் இருக்கும், 1784 இல் வில்லியம் ஹெர்ஷல் கண்ட என்ஜிசி 604 என்னும் பெரும் வாயுமுகிலைப் பார்க்க வடிகட்டி உதவும். அதற்காக மட்டும் அவ்வளவு பணத்தைச் செலவிட வேண்டாம். அந்தப் பணம் வானம் இருண்ட மணற்காட்டுக்குப் பல முறை போய்வரவும், குறிகட்டுவானில் படகேறி நெடுந்தீவில் ஓரிரு இரவுகள் தங்கவும் போதும். வீட்டில்தான் பார்க்க முடியும் என்றால், தலையையும் பார்வைத்துண்டையும் சேர்த்து மூடும் கறுப்புத் துணி அந்த வடிகட்டியைவிட நன்றாக உதவும்.

இளைஞரின் வடிகட்டியைக் கழற்றியபின், அதே இடத்தில் எம்87 வட்டமான பஞ்சுப்பொட்டாகத் தெரிந்தது. 5 கோடி ஒளியாண்டுகளுக்கும் அப்பாலிருந்து வந்த அந்த ஒளியை, கடைசியில் சிறு கண்ணாடித் துண்டொன்று அவருக்கு மறைத்திருந்தது.

பொலிவெண்ணை மட்டும் பார்த்தல்

எம்33 இன் பொலிவெண் 5.7, எம்104 இன் பொலிவெண் 8. எண் குறையக் குறையப் பொலிவு கூடும் என்பதால், முன்னது எளிது என்று தொடக்கநிலையினர் நினைக்கிறார்கள். ஆனால் எம்33 இன் ஒளி முழுநிலவைப் போல் ஏறத்தாழ மூன்று மடங்கு பரப்பில் மெலிந்து பரவியிருக்கிறது. பொலிவெண்ணோடு கோண அளவையும் சேர்த்தே படியுங்கள்.

ஐரோப்பிய நூல்களின் வரிசையைப் பின்பற்றுதல்

அந்நூல்கள் முதலில் சொல்லும் எம்81, எம்82 இரண்டும் யாழ்ப்பாணத்தில் வடவானில் சுமார் 30 பாகைக்கு மேல் ஏறுவதில்லை. பனைகள் சூழ்ந்த வளவில் அவை வடலிகளுக்கு மேலே வருவதே அரிது. மாறாக, இலண்டனில் உதிக்கவே உதிக்காத சென்டாரஸ் ஏ பேரடை, இங்கே தென்வானில் 37 பாகை வரை உயர்கிறது. கன்னிப் பேரடைக் கொத்தோ ஏறக்குறைய நம் உச்சியிலேயே கடக்கிறது. டொப்சோனியன் வகைத் தொலைநோக்கியை (எளிய தாங்கியில் கையால் திருப்புவதை) நேர் உச்சியில் திருப்புவது கடினம் ஆதலால், கொத்து உச்சியை அடைவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்னரே தொடங்குங்கள். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் இழந்த இரவுகளை மாசியிலிருந்து சித்திரை வரை இந்தக் கொத்தில் மீட்டுக்கொள்ளலாம்.

குறைந்த உருப்பெருக்கத்திலேயே நின்றுவிடுதல்

மங்கிய பொருளுக்குக் குறைந்த உருப்பெருக்கமே ஏற்றது என்பது தேடும்போது மட்டும் சரி. 1200 மில்லிமீற்றர் குவியத்தூரமுள்ள கருவியில் 25 மில்லிமீற்றர்ப் பார்வைத்துண்டு 48 மடங்கு தரும். கண்டுபிடித்தபின் 10 மில்லிமீற்றருக்கு மாறி 120 மடங்கில் பாருங்கள். பின்னணி வானமும் சேர்ந்து கறுக்க, உருவம் பெரிதாவதால் கண் அதை எளிதில் பற்றிக்கொள்கிறது. கன்னிக் கொத்தில் வரிசையாய் அமைந்த மார்க்கேரியன் சங்கிலியின் சிறிய பேரடைகள் பலவற்றை நான் இவ்வாறே முதலில் கண்டேன்.

நேராக உற்று நோக்குதல்

மங்கிய பேரடை நேர்ப்பார்வையைவிட ஓரப்பார்வையில் நன்றாகத் தெரியும். வலக்கண்ணால் பார்ப்பவர் பார்வையைச் சற்று வலப்புறமும், இடக்கண்ணால் பார்ப்பவர் இடப்புறமும் விலக்கிப் பார்க்க வேண்டும்; மறுபுறம் விலக்கினால் கண்ணில் ஒளியை உணராத குருட்டுப்புள்ளியில் பேரடை விழுந்துவிடும்.

நிலா

அது மறையும்வரை தொடங்காதீர்கள்.