ஃபவுண்டேஷன் போட்டதே தெரியாமல் போடுவது எப்படி?

மும்பை தாராவி 90 அடி சாலையில் பொங்கலன்று பெண்கள் வரிசையாக அடுப்பு மூட்டிப் பொங்கல் வைப்பார்கள். வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம், முதல் சம்பளத்தில் வாங்கிய ஃபவுண்டேஷனை, அதாவது முக நிறத்தை ஒரே சீராகக் காட்டப் பூசும் கிரீமை, முகம் முழுக்க அப்பிக்கொண்டு அங்கே போய் நின்றேன். பானை பொங்குவதற்கு முன்னால் என் முகம் பொங்கிவிட்டது. விறகுப் புகையும் வெயிலும் வியர்வையும் சேர்ந்து மூக்கோரத்தில் கோடு கோடாக இறங்கின. ஆச்சி கிட்டே வந்து உற்றுப் பார்த்துவிட்டு, "ஏட்டி, மூஞ்சில என்ன, சுண்ணாம்பா அடிச்சிருக்க?" என்றாள்.

ஆச்சி சொன்னதில் பெரிய தப்பில்லை. ஃபவுண்டேஷனுக்கு நிறம் தருபவை சிவப்பு, மஞ்சள், கறுப்பு இரும்பு ஆக்சைடுகள். வெளுப்பைத் தருவது டைட்டானியம் டையாக்சைடு. சுவர் பெயிண்டில் வெள்ளைக்காகச் சேர்ப்பதும் அதைத்தான். நம் நிறத்தைவிட இரண்டு ஷேட் வெளுப்பாக வாங்கினால் இந்த வெள்ளை கூடிப்போய், மாநிறத் தோலில் சாம்பல் பூத்த மாதிரி நிற்கும். கடையில் இருந்த பெண் "தோடா ஃபேர் லகேகா" (கொஞ்சம் வெளுப்பாகத் தெரியும்) என்று சொன்னதில் மயங்கி நான் வாங்கியது அப்படிப்பட்ட ஒன்று. சிவப்பாகத் தெரிய வேண்டும் என்ற ஆசையோடு கடைக்குப் போகாதீர்கள். கழுத்து என்ன நிறமோ அதுதான் வாங்க வேண்டிய நிறம்.

படி 1: வேண்டுமா, எங்கே வேண்டும்?

முகத்தைக் கழுவிவிட்டு ஜன்னலோரம் கண்ணாடியோடு நில்லுங்கள். பெரும்பாலானவர்களுக்கு மூக்கின் இரு பக்கமும், வாய் ஓரமும், பருத் தழும்பு இருக்கும் இடமும்தான் நிறம் மாறித் தெரியும். மற்ற இடத்தில் தோல் நன்றாகவே இருக்கும், அதை ஏன் மூட வேண்டும்? நாலைந்து புள்ளிகள் மட்டும்தான் தொந்தரவு என்றால் புள்ளியை மட்டும் மறைக்கும் கன்சீலர் ஒன்றே போதும், இந்தப் பதிவை இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். மங்கு உள்ளவர்களுக்கு ஃபவுண்டேஷனால் இன்னொரு லாபம் உண்டு. அதிலுள்ள இரும்பு ஆக்சைடு, கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் ஓரளவு தடுக்கும். நிறமில்லாத சாதாரண சன்ஸ்க்ரீன் பெரும்பாலும் புற ஊதாக் கதிரை மட்டும்தான் கவனிக்கும்.

படி 2: எந்த வகை?

முகம் கழுவி, எதுவும் பூசாமல் ஒரு மணி நேரம் விட்டு, டிஷ்யூ பேப்பரை ஒற்றிப் பாருங்கள். எங்கும் எண்ணெய் ஒட்டினால் பளபளப்பில்லாத மேட் வகை. தோல் இழுத்துப் பிடித்தால் கொஞ்சம் பளபளப்பு தரும் ட்யூயி வகை அல்லது சீரம் வகை. நெற்றியிலும் மூக்கிலும் மட்டும் எண்ணெய் என்றால் இரண்டுக்கும் நடுவில் இருக்கும் சாட்டின். முதன்முறை வாங்குபவர்கள் தோலை முழுக்க மூடும் ஃபுல் கவரேஜ் பக்கமே போக வேண்டாம், அது கல்யாணப் பெண்ணுக்கும் கேமராவுக்கும் ஆனது. ஸ்கின் டிண்ட் அல்லது லைட் கவரேஜ் என்று போட்டிருப்பதை எடுங்கள். கை தவறினாலும் மன்னித்துவிடும்.

படி 3: ஷேட் பார்ப்பது

எல்லாத் தப்பும் இங்கேதான் நடக்கிறது, அதனால் பொறுமையாகப் படியுங்கள்.

கடைக்குப் போகும் நாளில் மஞ்சள் பூசிக் குளிக்காதீர்கள். முதல் நாளும் வேண்டாம். மஞ்சள் ஒட்டியிருக்கும் தோலில் எந்த ஷேடைப் பார்த்தாலும் கணக்கு தப்பும்.

அடுத்தது அண்டர்டோன். தோலின் மேல்நிறம் மாநிறமோ கறுப்போ, அதற்கு அடியில் மஞ்சள் சாயலோ, இளஞ்சிவப்புச் சாயலோ, இரண்டும் கலந்தோ இருக்கும். மணிக்கட்டு நரம்பு பச்சையா நீலமா என்று பார்க்கச் சொல்வார்கள். கறுத்த தோலில் நரம்பே சரியாகத் தெரியாது, அதை நம்பி வாங்க வேண்டாம். ஒரு வெள்ளைத் தாளை முகத்துக்குப் பக்கத்தில் பிடித்து, பகல் வெளிச்சத்தில் பாருங்கள். முகம் தங்க நிறமாகத் தெரிந்தால் மஞ்சள் சாயல், செம்மை தெரிந்தால் இளஞ்சிவப்பு. எதுவும் புரியவில்லையா, இரண்டுக்கும் நடுவான நியூட்ரல் என்று எழுதியதில் தொடங்குங்கள்.

பாட்டிலில் உள்ள எழுத்துகளைப் பார்த்து நீங்களாக அர்த்தம் செய்துகொள்ள வேண்டாம். மேக் கம்பெனியில் என்.சி. என்றால் மஞ்சள் சாயல் தோலுக்கு, என்.டபிள்யூ. என்றால் இளஞ்சிவப்புச் சாயலுக்கு. சி என்றால் கூல் (இளஞ்சிவப்பு), டபிள்யூ என்றால் வார்ம் (மஞ்சள்) என்று மற்ற கம்பெனிகளில் பார்த்துப் பழகியவர்கள் இங்கே நேர்மாறாக வாங்கிவிடுவார்கள். ஒரு கம்பெனியின் எண் இன்னொரு கம்பெனிக்குப் பொருந்தாது. 2017இல் ஃபென்டி பியூட்டி கம்பெனி 40 ஷேடுகளோடு வந்த பிறகு மற்றவர்களும் கறுத்த நிறங்களைக் கூட்ட ஆரம்பித்தார்கள். அதனால் "உங்களுக்கு இதுதான் கிட்டத்தில் வரும்" என்று யாராவது ஒரு பாட்டிலை நீட்டினால், அடுத்த கம்பெனியைப் பாருங்கள்.

சரி, டெஸ்டர், அதாவது கடையில் பூசிப் பார்க்க வைத்திருக்கும் பாட்டில். புறங்கையில் தடவிப் பார்ப்பது வீண், கை ஒரு நிறம், முகம் ஒரு நிறம். அடுத்தடுத்த மூன்று ஷேடுகளைத் தாடையிலிருந்து கழுத்து வரை மூன்று கோடாக இழுங்கள். கன்னத்தில் வேண்டாம். நம்மில் பலருக்கு நெற்றியும் வாயைச் சுற்றிய இடமும் கன்னத்தைவிடக் கறுப்பு. கன்னத்துக்குப் பொருந்தினால் கழுத்துக்கு மேலே தனி முகமூடி மாட்டியது போல ஆகிவிடும். கடை விளக்கை நம்பாமல் வெளியே தெருவுக்கு வாருங்கள். கால் மணி நேரம் கழித்துப் பாருங்கள், ஏனென்றால் நீர் ஆவியாகி முகத்து எண்ணெயோடு கலந்ததும் சில ஃபவுண்டேஷன்கள் கொஞ்சம் கறுக்கும். எந்தக் கோடு காணாமல் போகிறதோ அதுதான் உங்களுடையது. இரண்டுக்கு நடுவில் நின்றால் நான் கறுத்ததை எடுப்பேன். வெளுத்தது தூரத்திலிருந்தே காட்டிக்கொடுக்கும்.

க்ராஃபர்ட் மார்க்கெட் பக்கம் விலை குறைவு, நானும் அங்கே வாங்குவேன். ஆனால் பெட்டியில் பேட்ச் எண், தயாரித்த தேதி, எம்.ஆர்.பி. எல்லாம் இருக்கிறதா என்று பார்த்துத்தான். நடைபாதையில் பாதி விலைக்குக் கிடைக்கும் பெரிய பிராண்டைத் தொடாதீர்கள். புதிதாக எதை வாங்கினாலும் காதுக்குப் பின்னால் துளி தடவி ஒரு நாள் விட்டுப் பாருங்கள்.

படி 4: பூசுவதற்கு முன்

காலையில் தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைத்துவிட்டு ஃபவுண்டேஷன் போட்டால், தாதரில் ரயில் மாறுவதற்குள் நெற்றி வழியும். எண்ணெயை முந்தின இரவே வைத்து அலசிவிடுங்கள். மேலுதட்டில் த்ரெடிங் செய்த அன்றும் வேண்டாம், எரியும்.

முகம் கழுவி, மெல்லிய மாய்ஸ்சுரைசர், அதன் மேல் சன்ஸ்க்ரீன். முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து இரண்டு விரல் நீளம் வேண்டும். ஃபவுண்டேஷனிலேயே எஸ்.பி.எஃப். (வெயில் தடுப்பு எண்) இருக்கிறதே என்று இதை விட்டுவிடாதீர்கள். அந்த எண், சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசிச் சோதித்தது. அவ்வளவு ஃபவுண்டேஷன் பூசினால் ஆச்சியின் கேள்வி மறுபடி வரும். சன்ஸ்க்ரீன் காயப் பத்து நிமிஷம் கொடுங்கள். அந்த நேரத்தில் டிபன் கட்டிவிடலாம்.

படி 5: பூசுவது

ஒரு பட்டாணி அளவு போதும். புறங்கையில் வைத்து, விரலால் தொட்டு, மூக்கோரம், வாயோரம், முகவாய், நெற்றி நடு என்று புள்ளி வையுங்கள். நடுவில் தொடங்கி வெளிப்பக்கமாகப் பரப்ப வேண்டும். காதுக்கும் தாடைக்கும் வந்து சேரும்போது விரலில் கிட்டத்தட்ட ஒன்றும் இருக்கக் கூடாது.

விரல் சூட்டில் நன்றாக உருகிச் சேரும், புதியவர்களுக்கு அதுவே போதும். ஸ்பாஞ்ச் என்றால் தண்ணீரில் நனைத்துப் பிழிந்துவிட்டுப் பயன்படுத்துங்கள், காய்ந்த ஸ்பாஞ்ச் பாதியைக் குடித்துவிடும். எதுவானாலும் தேய்க்காதீர்கள், ஒற்றுங்கள். தேய்த்தால் அடியிலிருக்கும் சன்ஸ்க்ரீனும் சேர்ந்து அழுக்கு உருண்டை மாதிரி திரண்டு வரும். ஒற்றியும் திரண்டால், நீர் சார்ந்த ஃபவுண்டேஷனை, அதற்கு அடியில் பூசும் சிலிக்கோன் பிரைமர் மேல் போட்டிருக்கிறீர்கள் என்று அர்த்தமாக இருக்கலாம். பிரைமரை விட்டுவிட்டுப் பாருங்கள்.

மூக்குத்தி போட்டவர்கள் அதைச் சுற்றிப் பஞ்சுக் குச்சியால் துடைத்துவிடுங்கள், அங்கே சேர்ந்து வெள்ளை வளையமாக நிற்கும். தழும்பு இன்னும் தெரிந்தால் அந்த இடத்தில் மட்டும் இன்னொரு துளி. முகம் முழுக்க இரண்டாம் பூச்சு வேண்டாம்.

படி 6: பவுடரும் பொட்டும்

மூக்கு, நெற்றி, முகவாயில் மட்டும் நிறமில்லாத பவுடர் லேசாக. கன்னத்தை விட்டுவிடுங்கள், தோல் தோலாகத் தெரிய அந்த இடம் வேண்டும். பொட்டு வைக்கும் இடத்தில் ஃபவுண்டேஷனே போடாதீர்கள். ஸ்டிக்கர் பொட்டு ஒட்டாது, குங்குமம் பரவும்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை இந்த ஊரில் வியர்வை காயவே காயாது. ரயிலில் லேடீஸ் டப்பாவில் நெரிந்து வந்த பிறகு முகத்தில் நேராகப் பவுடர் போட்டால் பிசைந்த மாவாகிவிடும். முதலில் டிஷ்யூவை வைத்து அழுத்தி எடுங்கள், அப்புறம் தேவைப்பட்டால் பவுடர். பெரும்பாலும் தேவைப்படாது.

படி 7: இரவில்

எவ்வளவு களைப்பானாலும் கழற்றிவிட்டுத்தான் தூங்க வேண்டும். முதலில் மேக்கப்பைத் துடைத்தெடுக்கும் மைசெல்லார் வாட்டரோ கிளென்சிங் ஆயிலோ, பிறகு சாதாரண ஃபேஸ்வாஷ். பரு வரும் முகத்துக்குத் தேங்காய் எண்ணெய் வேண்டாம், துளைகளை அடைக்கும். பாட்டிலின் பின்னால் திறந்த டப்பா படத்துக்குள் 12எம் என்று இருந்தால், திறந்து 12 மாதத்துக்குள் முடிக்க வேண்டும். திறந்த தேதியைப் பேனாவால் அதிலேயே எழுதி வைத்துவிடுவேன்.

ஸ்பாஞ்சை ஒவ்வொரு முறையும் சோப்பு போட்டுக் கழுவி, பைக்குள் போடாமல் காற்றில் வையுங்கள். மழைக்காலத்தில் ஜன்னலோரம் வைத்தால் காயாது, ஃபேனுக்கு அடியில் வைக்க வேண்டும். உள்ளே கறுப்புப் புள்ளி தெரிந்தால் பூஞ்சை, யோசிக்காமல் குப்பையில் போடுங்கள்.