நைட்ரஜன் ஏற்றிய நுண்துளைக் கரி: தயாரிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொட்டாங்குச்சிக் கரியைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடுடன் கலந்து சுட்டால் நுண்துளைகள் உருவாகும். அதே கலவையில் யூரியாவையோ மெலமைனையோ சேர்த்துவிட்டால் நைட்ரஜனும் ஏறிவிடும் என்று நினைத்துச் சாதாரணக் கரிக்கான செய்முறையையே பின்பற்றுவதுதான், ஆய்வகத்தில் நான் பார்க்கும் பெரும்பாலான தவறுகளுக்கு மூலம்.

சென்னையில் முதல் பிழை தராசிலேயே நேர்கிறது. ஐப்பசி மழை நாளில் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு குருணைகளைத் தாளில் கொட்டிவிட்டுப் பேசிக்கொண்டிருந்தால், சில நிமிடங்களில் அவற்றின் மேல் ஈரம் பளபளக்கும். தராசின் எண்ணும் மெல்ல ஏறிக்கொண்டிருக்கும். புதிய புட்டியிலேயே பொதுவாக 85 விழுக்காடு அளவுதான் காரம், மீதியில் பெரும்பகுதி நீர் என்பதால், புட்டியின் மேலுள்ள தூய்மை அளவைப் பார்த்துக் கணக்கிட்டு, விரைவாக எடைபோட்டு உடனே மூடிவிட வேண்டும்.

துளை பெருகட்டும் என்று வெப்பத்தை 800 டிகிரி செல்சியஸுக்கு மேல் கொண்டுபோனால், சிரமப்பட்டு ஏற்றிய நைட்ரஜனில் பெரும்பகுதி வெளியேறிவிடும். துளையும் நைட்ரஜனும் ஒருசேர வேண்டுமென்றால், முதலில் துளையிட்டுக் கழுவிய பிறகு, குறைந்த வெப்பத்தில் தனியாக நைட்ரஜனை ஏற்றுவதே எனக்குச் சரியாகப் படுகிறது. துளைகளில் சில அடைபடலாம் என்பதை ஏற்றுக்கொண்டே இதைச் சொல்கிறேன். கலவையை உலைக்குள் வைக்கும் படகு வடிவப் பீங்கான் கலத்தைக் காரம் அரிக்கும். நிக்கல் கலமே ஏற்றது.

உயிருக்கு ஆபத்தான தவறு கழுவும்போது நேர்கிறது. நைட்ரஜன் மிகுந்த கரியைப் பொட்டாசியம் சேர்மத்தோடு உயர் வெப்பத்தில் சுடும்போது பொட்டாசியம் சயனைடு உருவாகக்கூடும். சாதாரணக் கரிக்குச் செய்வதுபோல அதன் மேல் நேராக ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஊற்றினால் ஹைட்ரஜன் சயனைடு வாயு கிளம்பும். உலை, அறையின் வெப்பநிலைக்கு ஆறும்வரை அதற்குள் செலுத்தும் நைட்ரஜன் வாயுவை நிறுத்தாமல் இருந்து, உள்ளே பொட்டாசியம் உலோகம் எஞ்சியிருக்கலாம் என்ற எச்சரிக்கையோடு திறந்து, வாயு வெளியேற்றும் கூண்டுக்குள் வைத்து முதலில் வெறும் நீரால் கழுவ வேண்டும். அந்தக் காரநீரைத் தனியே பிடித்துச் சயனைடு சோதனைத் தாளால் பார்க்க வேண்டும். அமிலக் கழிவுக் குடுவையில் ஊற்றவே கூடாது. கழுவிய நீரில் சயனைடு இல்லை என்று உறுதியான பிறகே கரிக்கு நீர்த்த அமிலம்.

காய்ந்த கரியையும் திறந்து வைக்காதீர்கள். நம் ஊர்க் காற்றின் ஈரத்தை அது குடித்துவிடும். அந்த ஈரத்தை முழுமையாக வெளியேற்றாமல் துளைகளின் உட்பரப்பளவை அளந்தால், நல்ல கரியும் மோசமான கரியாகத் தெரியும்.